கையெழுத்து வேண்டாத இடங்கள்

புந்தோங், ஈப்போ
11.11.1984

அப்பா,

நிறைய இருக்கிறது. அதுதான் என் பதில். ஈப்போவில் காற்றைத் தவிர வேறென்ன சும்மா கிடைக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கேலிதான், தெரியும். ஆனால் பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. எனக்கு நேரம் இருக்கிறது. உங்கள் கேலியை நிஜக் கேள்வியாக எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தேன்.

நானும் உங்கள் மருமகனும் நலம். அவருக்குப் பட்டறையில் வேலை அதிகம். உங்கள் இடது கண் எப்படி இருக்கிறது? நீங்கள் சொல்லவில்லை. கடிதம் சொல்கிறது. வரிகள் மேலேறிப் போகின்றன. ஒரு வரிக்கும் அடுத்ததற்கும் நடுவே இன்னொரு வரி எழுதலாம். முன்பு நீங்கள் அப்படி எழுதுபவர் இல்லை.

முதலில் நூலகம்.

தீபாவளி கழித்து நீங்கள் வந்திருந்தபோது நடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. பகலெல்லாம் தனியாக என்ன செய்வேன் என்றீர்கள். நூலகத்தில் தமிழ்ப் பத்திரிகை வரும், யாரும் போய்ப் படிக்கலாம் என்றேன். காலையில் வாசலில் விட்டுவிட்டுப் பாடம் நடத்தப் பள்ளிக்குப் போனேன். நீங்கள் தோட்டத்திலிருந்து புறப்படும்போதே ஆபீஸ் கிராணி சதாசிவத்திடம் ஒரு துண்டுச்சீட்டு எழுதி வாங்கி வந்திருந்தது எனக்குத் தெரியாது. இவர் எங்கள் ரப்பர்த் தோட்டத்துப் பால்மரத் தொழிலாளி, பெயர் உடையப்பன், ஒழுக்கமானவர், தங்கள் இடத்தில் பத்திரிகை படிக்க அனுமதி தரவும். கீழே தோட்டத்து முத்திரை.

மத்தியானம் நான் வந்தபோது நீங்கள் வெளியே மரத்தடியில் நின்றுகொண்டிருந்தீர்கள். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ஏன் அப்பா என்றேன். ‘உள்ள இருந்த பொண்ணு கையெழுத்துப் போடாம திருப்பிக் குடுத்துட்டா பாப்பா. அப்ப உத்தரவு இல்லைன்னுதானே?’

தோட்டத்தில் அப்படித்தான். மருந்து கொடுக்கும் டிரசர் கையெழுத்துப் போட்டால் காய்ச்சல் உண்டு. போடாமல் துண்டைத் திருப்பினால் காய்ச்சல் இல்லை, பால் வெட்டக் காட்டுக்குப் போ. இதை நான் உடனே புரிந்துகொண்டேன். புரிந்து என்ன. மறுநாள் முதல் பஸ்ஸில் நீங்கள் போய்விட்டீர்கள்.

இந்த வாரம் அங்கே போய் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். மலாய்க்காரப் பெண், என் வயதுதான் இருக்கும். அவளுக்கு உங்களை நினைவிருக்கிறது. மாமா என்பதுபோல் மரியாதையாகப் பாக்சிக் என்கிறாள். அந்தப் பாக்சிக் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தாரே, ஏன் உள்ளே வராமல் போனார் என்று அவள் என்னைக் கேட்டாள். முத்திரை வைத்த கடிதம், ஏதோ முக்கியமான தாள், தொலைந்துவிடக் கூடாது என்றுதான் பத்திரமாக உங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாளாம். நான் விஷயத்தைச் சொன்னேன். மேசையைவிட்டு எழுந்து வந்தாள். பிறகு பத்திரிகை மாட்டியிருக்கும் இடத்துக்கு என்னைக் கூட்டிப்போனாள். மரச்சட்டத்தில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஜன்னலோர நாற்காலி பாக்சிக்குக்கு நல்லது, வெளிச்சம் வரும் என்றாள்.

அடுத்தது கண். அரசாங்க ஆஸ்பத்திரியில் கண்ணுக்கென்று தனி இடம். விசாரித்தேன். டிரசர் துண்டு வேண்டாம். வாசலில் ஒரு நம்பர் அட்டை கொடுப்பார்கள். அதில் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். நம்பரே உத்தரவு. உங்கள் நம்பரைக் கூப்பிட்டால் துரையே வந்திருந்தாலும் அவர் உட்கார்ந்துதான் இருக்க வேண்டும்.

கோர்ட்டுப் பக்கம் ஒரு மாடியில், வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஆபீஸ். லயத்து வீட்டைப் பற்றிக் கேட்கப் போனேன். என் அப்பா பிறந்து வளர்ந்த வீடு, பொங்கலுக்குள் காலி செய்யச் சொல்கிறார்கள் என்றேன். அந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். வீட்டுக்கு உங்கள் அப்பாவிடம் என்ன தாள் இருக்கிறது என்றார். ஒன்றும் இல்லை என்றேன். பேனாவைக் கீழே வைத்தார். இருந்தாலும் உங்களை நேரில் கூட்டி வரச் சொன்னார். அதற்கும் காசு வேண்டாம்.

தபாலாபீசில் டெலிபோன் புத்தகம் சங்கிலியில் கட்டித் தொங்குகிறது. யாரும் புரட்டலாம். உங்கள் பெயரைத் தேடினேன். ஒரு உடையப்பன் இருக்கிறார். டயர் கடை வைத்திருக்கிறார். வாழ்த்துகள்.

ரத்தம் கொடுத்தால் மைலோவும் பிஸ்கட்டும் தருகிறார்கள். உங்கள் மருமகன் போனார். மைலோ தண்ணீராக இருந்தது, ரத்தத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்று யோசித்தேன் என்கிறார்.

பூங்கா. சாயங்காலம் சீனக் கிழவர்கள் பறவைக் கூண்டுகளோடு வந்து உட்காருகிறார்கள். பேசிக்கொள்வதில்லை. பறவைகள் பேசுகின்றன. நானும் ஒரு பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தோட்டத்தில் கேட்பதுபோல் யாரும் வந்து நீ யார், எந்த டிவிஷன் என்று கேட்கவில்லை. பக்கத்தில் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது.

எங்கள் பின் அறையும் காலியாகத்தான் இருக்கிறது.

ஐயாவு மாமாவோடு புது செம்பனைத் தோட்டத்துக்குக் காவலுக்குப் போகிறேன், கொட்டகை சும்மா தருகிறார்கள் என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் பலமுறை படித்தேன். அதைப் பற்றி இதில் ஒன்றும் எழுதவில்லை. கவனித்திருப்பீர்கள்.

வந்துவிடுங்கள்.

உங்கள் கண்ணுக்காக ஊர் சுற்றிய மகள்,
இருளாயி


சித்தியவான்
22.11.84

அன்பு மகள் இருளாயிக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான் நல்ல சுகம். மருமகன் அர்ச்சுனன் சுகத்துக்கும் எழுதவும்.

உன் கடிதாசி வந்தது. வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். பக்கத்து வீட்டு வீரம்மா முழுசும் கேட்டுட்டு, இவ்வளவு சும்மா கிடைச்சா ஈப்போக்காரன் எதுக்கு வேலைக்குப் போறான்னு கேட்குது. ஐயாவு சொல்றான், டயர் கடை உடையப்பனுக்கு ஒரு கடிதாசி போடு, சொந்தம்னு சொல்லு, நாலு டயர் சும்மா தருவான்னு. டயர் வாங்கி எதுல மாட்டுறதுடா, என் சைக்கிள்லயான்னேன். சிரிச்சு சிரிச்சு அவனுக்கு இருமல் வந்துடுச்சு.

லைப்ரரிப் பொண்ணு நல்ல பொண்ணாத்தான் இருக்கும். நான் தப்பா எடுத்துக்கல. உனக்கு அது மனசுல நிக்க வேண்டாம். எனக்கு முட்டி வலிச்சதே தவிர வேற ஒண்ணும் இல்ல.

பாப்பா, நீ எழுதினதெல்லாம் சரி. ஆனா நீ சும்மா சும்மான்னு எழுத எழுத எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நான் பொறந்ததுல இருந்து சும்மா கிடைச்ச வீட்டுலதான் இருக்கேன். குழாய்த் தண்ணி சும்மா. உன்னைப் போட்டு வளர்த்த ஆயாக் கொட்டகை சும்மா. உங்க அம்மாவைப் புதைச்ச இடமும் சும்மா குடுத்ததுதான். நான் ஒரு நாளும் வாடகைன்னு ஒரு காசு குடுத்ததில்ல. அதுனாலதான் போன மாசம் தோட்டத்த வாங்கின புது முதலாளியோட ஆளு வந்து கயிறு பிடிச்சு அளந்து, என் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்துல கல்லு நட்டப்ப நான் வாயைத் திறக்க முடியல. என்னன்னு கேட்குறது? அவன் குடுத்தது, அவன் எடுத்துக்கிறான். உன் ஆபீஸ்காரர் பேனாவைக் கீழ வச்சாரே, அதுதான்.

இப்ப நீ உன் வீட்டுல சும்மா இருன்னு சொல்ற. மக வீட்டுல ஒரு வாரம் இருந்தா அது விருந்து. அதுக்கு மேல இருந்தா அதுக்கு என்ன பேருன்னு வீரம்மாவைக் கேட்டேன். அவ எந்திரிச்சு உள்ள போயிட்டா. மருமகன் தங்கமான பிள்ளை. அதுனாலதான் வர மாட்டேன். கெட்டவனா இருந்தா சண்டை போட்டுக்கிட்டாவது இருக்கலாம்.

நான் சிரிக்கிறதுக்காகக் கேட்கல. உன் வீட்டுல நான் யாருகிட்ட துண்டு வாங்குறது?

காவல் கொட்டகையும் சும்மாதான். ஆனா ராத்திரி முழிச்சிருந்தா அதுக்குச் சரியாப் போச்சு. கண்ணு ஒண்ணு நல்லா இருக்கு. ஐயாவுக்கு ரெண்டு இருக்கு. மொத்தம் மூணு போதும்.

மார்கழி பிறந்ததும் செம்பனைத் தோட்டத்துக்காரன் காவலுக்கு ஆள் கேட்பான். சரின்னு சொல்லிடப் போறேன். நீ அழ வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா
உடையப்பன்


புந்தோங், ஈப்போ
1.12.1984

அப்பா,

அழவில்லை. கொஞ்ச நேரம் அடுப்படியில் நின்றேன். அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் இவருக்குப் படித்துக் காட்டினேன். வீரம்மா அக்கா எழுந்து போன இடத்தில் இவர் சிரித்தார். அதற்கடுத்த வரியில் சிரிப்பு நின்றது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னைத் திட்டினார். ‘மாமாவ ஏன் சும்மா இரு, சும்மா இருன்னு படுத்துற? இந்த மனுஷன் வாழ்நாள் பூரா சும்மா இருந்தவரா? வாடகை கேளு லா.’

நான் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் படித்தேன். எனக்கு இது தோன்றவில்லை.

ஆகவே கேட்கிறேன். எங்கள் பின் அறையை வாடகைக்கு விடுகிறோம். தனி வாசல் இருக்கிறது, சந்துப் பக்கம் திறக்கும். ஒற்றை அடுப்பு வைக்க மேடை இருக்கிறது. ஜன்னல் ஒன்றுதான். பக்கத்து வீட்டில் கடலை வறுப்பார்கள், சாயங்காலம் புகை வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் குறை சொல்லக் கூடாது.

தொகையை நீங்கள் சொல்லுங்கள். குறைவாகச் சொன்னால் பேரம் பேசுவேன். இவர் பேச மாட்டார், நான் பேசுவேன். மாதா மாதம் ரசீது தருவேன். உங்கள் பெயர், அறை, மாதம், என் கையெழுத்து. வீட்டுச் சொந்தக்காரரிடமும் பேசிவிட்டோம். அவர் ஒரு தாளில் உங்கள் பெயரையும் சேர்த்து எழுதித் தந்திருக்கிறார். இந்த முறை யாராவது என்ன தாள் இருக்கிறது என்று கேட்டால், இருக்கிறது.

உங்கள் சோற்றை நீங்களே பொங்கிக்கொள்ளலாம். சாடின் மீன் குழம்பு வைக்கும் நாளில் எங்களைக் கூப்பிடலாம். கூப்பிட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வாசனை வந்தால் நாங்கள் வந்து கதவைத் தட்டுவோம். நீங்கள் திறக்கும்வரை வெளியே நிற்போம். ஐயாவு மாமா வந்தால் அவர் உங்கள் விருந்தாளி. எத்தனை நாள் தங்கலாம் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், நாங்கள் இல்லை.

யாரிடம் துண்டு வாங்குவது என்று கேட்டீர்கள். இந்தக் கேள்விக்குத்தான் எனக்குத் தூக்கம் போனது. யோசித்துப் பார்த்தேன். அந்த அறைக்குள் யாரும் நுழைய வேண்டுமென்றால் உங்களிடம்தான் கேட்க வேண்டும். நானும்.

கொட்டகைக்கு ஆள் கேட்க வருவான். மூன்று கண் போதும் என்று எழுதினீர்கள். எனக்குப் போதாது. இருட்டில், பாம்பு நடமாடும் காட்டில், அப்பா. இதற்குமேல் இதை எழுத வரவில்லை.

கறிவேப்பிலைச் செடியை வேரோடு எடுக்க முடியுமா என்று பாருங்கள். பின்வாசலில் ஒரு தொட்டிக்கு இடம் இருக்கிறது.

நீங்கள் நல்லபடியாக இருக்க வேண்டும். எனக்குப் பக்கத்தில் இருந்து நல்லபடியாக இருக்க வேண்டும். வாடகைக்கு வேறு யாரையும் நாங்கள் தேடவில்லை.

உங்கள்
இருளாயி

இதை எழுதி முடித்துவிட்டு, உறையை ஒட்டாமல் பசாருக்குப் போனேன். பின்வாசல் சாவிக்கு இன்னொன்று வெட்டச் சொன்னேன். உள்ளே போட்டிருக்கிறேன்.