மூன்றாவது வெட்டு

தம்பிக்கு,

பாத் நகரத்து வெந்நீர்க் குளியலில் உன் முட்டிவலி குறைந்திருக்கும். எனக்கு இங்கே வயிறு எரிகிறது.

ஈயச் சுரங்கத்து ஆட்களையெல்லாம் இழுத்து மாளிகைக்கு முன்னால் குளம் வெட்டச் சொன்னாயே, வெட்டியாயிற்று. வாத்துகள் நீந்துகின்றன. சுரங்கம் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கும் சுரங்கத்தை யாரும் தனக்கென்று கேட்கலாம். கேட்டால், சுரங்க அதிகாரி வாரத்துக்கு ஒன்றாக, ஈயக்கல்லை மேலே இழுக்கும் அதன் ராட்டினக் கட்டையில் மூன்று வெட்டுப் போடுவார். அதற்குள் உடையவர் ஆட்களை இறக்காவிட்டால், மூன்றாவதோடு அது கேட்டவருக்குச் சொந்தம். அப்பா உனக்கும் சொல்லிக்கொடுத்த சட்டம்தான்.

முதல் வெட்டு விழுந்ததும், ஆட்களை இறக்க அனுமதி கேட்டு எழுதினேன். குளத்தில் அன்னம் விடலாமா என்று பதில் போட்டாய். இரண்டாவதற்கு அதுவும் இல்லை. மேஸ்திரி ஆல்சொப், "சின்னய்யாவுக்கு ஈயமும் வேணாம், நாங்களும் வேணாம்மா. வாத்து போதும்," என்றான்.

நேற்று மூன்றாவதும் விழுந்தது. கேட்டவன் யார் என்று கொதிப்பாய். பதினோரு வருஷமாக உனக்காக அதை நடத்தியவள்தான் கேட்டாள். ஆட்கள் இன்று காலை இறங்கிவிட்டார்கள்.

குளம் உன்னுடையதுதான். அதை நான் தொடமாட்டேன்.

அக்கா