மிஷின் படத்தைத் திறந்துடுச்சு

ஏங்க, நம்ம மரம் செதுக்குற மிஷின் படத்தைத் திறந்துடுச்சு! பல் டாக்டரோட நாய் பலகையில ஏறி, மேஜை மேல இருந்து உங்களையே பாக்குது பாருங்க. மீசை முடி ஒண்ணொண்ணா தெரியுது!

"கறுப்பு வெள்ளைப் படத்தைப் பழைய ஃபார்மேட்டுக்கு மாத்தக்கூடத் தெரியாதா"ன்னு மூணு நாளா உங்களைப் போட்டு வறுத்தெடுத்தேன் இல்ல? நீங்க மாத்தினதுல ஒரு குறையும் இல்ல. ஃபைல் பேர் எட்டு எழுத்தைத் தாண்டினா இந்தக் கிழட்டு மிஷினுக்குக் கண்ணே தெரியாதாம். கையேட்டோட கடைசிப் பக்கத்துல போட்டிருக்கான். நீங்க வெச்ச பேர் என்ன? "டாக்டர் நாய் அஞ்சாவது தடவை இதுவும் வேலைக்காகலன்னா மிஷினை எடைக்குப் போட்டுடுவேன்"! வெறும் "டாக்"னு சுருக்கினேன். கடகடன்னு ஓட ஆரம்பிச்சிடுச்சு.

டாக்டர் நாலு மணிக்கு வருவார். தூசி தட்டிக் குடுங்க. சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. பட்டறைச் சாவி சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாடி. நான் அடுத்த பலகை வாங்கப் போறேன்.

மிஷினை எடைக்குப் போடுற பேச்சே இனி கூடாது.

இன்னொண்ணு. நேர்ல சொல்ல எனக்கு வாய் வராது. அதான் எட்டே எழுத்துல எழுதறேன், எண்ணிப் பாத்துக்கங்க:

மன்னிச்சிடுங்க