தப்பாய் வந்த ஆப்பிள்

மெர்லிமாவ், மலேசியா
3.3.2025

அன்பு மகள் நளினிக்கு,

அம்மாவும் நானும் சுகம். போனில் பேசினால் இருவரும் கத்துகிறோம், அதனால் எழுதுகிறேன். அந்த மார்ட்டினைக் கட்டிக்கொண்டால் என் பெயரை எடுத்துவிட்டு அவன் பெயரை ஒட்டிக்கொள்வாய். ஒற்றைப் பிள்ளை நீ. உன்னோடு என் பெயர் முடிந்தது. கல்யாணத்துக்கு நான் வரப்போவதில்லை. "பிடிவாதம் பண்ணாதீங்க லா, பிள்ள மனசு நோகும்" என்கிறாள் அம்மா. அவளுக்கும் இதே பதில்தான்.

நீ அனுப்பிய படத்தில் உங்கள் நகராட்சியின் கேடயச் சின்னத்தில் ஆப்பிள் மரம் இருக்கிறதே, அங்கே ஆப்பிள் விளைச்சல் அதிகமோ? குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள்.

அப்பா,
தங்கராஜு

ஆப்ஃபெல்ஹைம், ஜெர்மனி
21.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கம்பளி போட்டிருக்கிறேன். உங்கள் மேல் கோபம்தான் ஆறவில்லை.

ஆப்பிள் கதையைக் கேளுங்கள். இந்த ஊர்ப் பெயரில் முதலில் இருந்தது 'ஆபா'. பழைய மொழியில் ஆறு என்று அர்த்தம். பின்னால் வந்தவர்கள் அதை 'ஆப்ஃபெல்', அதாவது ஆப்பிள், என்று காதில் வாங்கிக் கேடயத்தில் மரத்தை வரைந்துவிட்டார்கள். அப்போது இங்கே பேருக்குக்கூட ஓர் ஆப்பிள் மரம் கிடையாதாம்! தப்பு தெரிந்ததும் சின்னத்தை அழிக்கவில்லை, தெருவெல்லாம் ஆப்பிள் நட்டார்கள். சித்திரையில் ஊரே வெள்ளைப் பூவாக இருக்கும்.

பெயர் விஷயம். இங்கே தம்பதியில் யார் பெயரையும் குடும்பப் பெயராக வைக்கலாம். மார்ட்டின் உங்கள் பெயரைக் கேட்கிறார். இனி அவர் மார்ட்டின் தங்கராஜு! "அது குடும்பப் பெயர் இல்லை, அப்பாவின் சொந்தப் பெயர்" என்று விளக்கினேன். "ஆப்பிளும் அப்படித்தானே வந்தது?" என்றார்.

கல்யாணம் மே 10, பூ கொட்டுவதற்குள். வாருங்கள் அப்பா. நீங்கள் இல்லாமல் எனக்கு அது கல்யாணமாகவே இருக்காது.

உங்கள்,
நளினி

மெர்லிமாவ்
7.4.2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஒங்க பேரையா? பாவம் லா அந்தப் பையன்!" என்று சிரித்தவள், ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் வேலை பார்த்த காலம் முழுக்க நான் அங்கே ஓர் இறாலைக் கண்டதில்லை. ஊர்ப் பெயருக்கு மலாயில் அர்த்தமோ இறால் ஆறு. அதற்காக நான் யாரோடும் சண்டைக்குப் போகவில்லையே.

நம் ஆட்களில் மாமனார் பெயரைப் பின்னால் போட்ட மாப்பிள்ளை எவனும் இல்லை. நேற்று கடையில் சின்னத்தம்பி அண்ணன் கேட்கிறார்: "ஜெர்மனியில ஒனக்கு மவன் இருக்கானாமே, மார்ட்டின் தங்கராஜுன்னு?" தப்பு என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். "ஆமாண்ணே, அவன் கல்யாணத்துக்குத்தான் போறோம்" என்று வந்துவிட்டது.

டிக்கெட் எடுத்தாயிற்று. தப்பாய் வந்தால் என்ன, நட்டுவிட வேண்டியதுதான்.

அன்புடன்,
மூத்த தங்கராஜு