மூடி கடைசியில்

பிப்ரவரி 6, 2012

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருப்பாய். இல்லாவிட்டாலும் நீ சொல்லப் போவதில்லை. போனில் எதைக் கேட்டாலும் "சரிக்கா, சரிக்கா" என்றே வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். பதிலும் எழுத்திலேயே வேண்டும்.

தெருவை அடைத்துத் தகரம் நட்டுவிட்டார்கள். என் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு முன்னால் ஒரு ஆள் நடக்கிற அளவுக்குத்தான் வழி. இந்தச் சுரங்க ரயில் நிலையத்துக்கு வரைபடம் போட்டது என் தம்பி என்று நானே பெருமையடித்துத் தொலைத்துவிட்டேனா, இப்போது தெருவே என் தலையை உருட்டுகிறது. பக்கத்துத் தையல்காரர் காலையில் கடையைத் திறந்ததும், "உன் தம்பி ரோட்ட எப்பம்மா திருப்பிக் குடுப்பான்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்.

விஷயம் இதுதான். கடையின் வாடகை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. இங்கேயே இருப்பதென்றால் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். கடைவீதியில் ஒரு நல்ல இடம் காலியாக இருக்கிறது, இருபத்தைந்தாம் தேதிக்குள் பதில் கேட்கிறார்கள். போன தடவை நீ வந்தபோது சாப்பாட்டுத் தட்டை வைத்து விளக்கினாயே. முதலில் பக்கச் சுவர், அதன்மேல் மூடி, மூடிமேல் ரோடு, பிறகுதான் அடியில் தோண்டுவது என்று. அது அப்படியேதானே? நான் இருக்கட்டுமா, போகட்டுமா?

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 13, 2012

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த அலுவலகத்தில் கடிதம் வருகிற ஒரே ஆள் நான்தான். காதல் கடிதமா என்று கேட்டார்கள். அதட்டல் கடிதம் என்றேன்.

ரோட்டை நான் சட்டைப்பையில் போட்டு எடுத்துவரவில்லை என்று தையல்காரரிடம் சொல். ஒரு வருடம், மிஞ்சிப்போனால் ஒன்றேகால் வருடம். கிழக்கு வாசல் படிக்கட்டு உன் கடைக்கு எட்டடி தள்ளித்தான் மேலே ஏறுகிறது. ரயிலை விட்டு வெளியே வருகிறவன் முதலில் பார்ப்பதே உன் கடைப் பலகையைத்தான். அப்படிப்பட்ட இடத்தை விட்டு எங்கே போகப் போகிறாய்? பேசாமல் கையெழுத்துப் போடு.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

செப்டம்பர் 20, 2013

அன்புள்ள தம்பிக்கு,

ஒன்றேகால் வருடம் போய் நாலு மாதம் ஆகிறது. மூடியையும் காணோம், ரோட்டையும் காணோம். கடைவாசலில் நின்று எட்டிப் பார்த்தால் பள்ளம், அதன் அடியில் எறும்பு மாதிரி மஞ்சள் தொப்பிகள். இரண்டு பலகை போட்டு அதைப் பாலம் என்கிறார்கள். என் வாடிக்கையாளர் யார்? கண் சரியாகத் தெரியாதவர்கள். அவர்களை எப்படி அந்தப் பலகையில் நடக்கச் சொல்வது? ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பாதி தூரம் வந்து, "வேணாம்மா, பழைய கண்ணாடியே இருக்கட்டும்" என்று திரும்பிவிட்டார். தையல்காரர் போன மாதமே காலி செய்துவிட்டார்.

உன்மேல் கோபமில்லை. ஆனால் என்னிடம் சொல்ல வேண்டியது எதுவும் இருந்தால் சொல்லிவிடு தம்பி. எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அக்கா

அக்டோபர் 8, 2013

அன்புள்ள அக்காவுக்கு,

அடியில் பாறை வந்துவிட்டது. நாங்கள் நினைத்ததைவிடக் கடினமான பாறை. அதனால்தான் இழுக்கிறது. சொல்ல வேறு ஒன்றுமில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள். வேலை தலைக்குமேல் இருக்கிறது, மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

தம்பி

மார்ச் 3, 2015

அன்புள்ள அக்காவுக்கு,

கடையை மூடிவிட்டாய் என்று அத்தான் சொல்லித்தான் தெரியும். இரண்டு நாளாக வேலையே ஓடவில்லை.

சொல்லிவிடுகிறேன். மூடி முதலில் என்பதை மாற்றியவனே நான்தான். பாறை இருப்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. மூடிக்கு அடியில் பாறை உடைத்தால் தூசியும் புகையும் வெளியே போக வழியில்லை, ஆட்கள் மூச்சுத் திணறிப் போவார்கள். அதனால் திறந்த பள்ளமாகவே அடிவரை தோண்டி, அங்கிருந்து மேலே கட்டிக்கொண்டு வந்து, மூடியைக் கடைசியில் போடுவது என்று முடிவெடுத்தேன். அந்த முடிவு தப்பில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

ஆனால் அதில் நான் கையெழுத்துப் போட்டது 2012 ஜனவரி ஒன்பதாம் தேதி. நீ இருக்கட்டுமா போகட்டுமா என்று கேட்டது அதற்கு நாலு வாரம் கழித்து. வெளியே சொல்லாதே, தெருக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று மேலே சொல்லியிருந்தார்கள். அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். நீ என்னைத் திட்டுவாயே என்ற பயம்தான் உண்மை. உன்னை ஏமாற்றிவிட்டேன் அக்கா. தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

இந்த மாதக் கடைசியில் அங்கே வேலையாக வருகிறேன். வீட்டுக்கு வரட்டுமா?

தம்பி

மார்ச் 12, 2015

தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அந்தத் தேதி எனக்குத் தெரியும்.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு மூன்று வாரம் இருக்கும். உங்கள் ஆள் ஒருவர் படிக்கிற கண்ணாடி வாங்க வந்தார். போட்டுவிட்டு, "பொடி எழுத்தா எதையாவது படிச்சுப் பாருங்க சார்" என்றேன். கையிலிருந்த வரைபடத்தை என் மேஜைமேல் விரித்து, மூலையில் இருந்ததை வாய்விட்டு வாசித்தார். மூன்றாம் திருத்தம், மூடி கடைசியில், ஜனவரி ஒன்பது என்று. அதற்குக் கீழே உன் பெயர். "நல்லாத் தெரியுதும்மா" என்றார். கண்ணாடியைத் துடைத்து உறையில் போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டுச் சண்டை போட்டிருக்கலாம். போடாதது என் தப்பு. கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்று தெரியும். கேட்காமல் சொல்லுவாயா என்று பார்த்தேன். வியாபாரம் படுத்த பிறகும் பார்த்தேன். பொறுக்க முடியாமல்தான் அந்தச் செப்டம்பரில் அப்படி எழுதினேன். சொல்ல வேறு ஒன்றுமில்லை என்று பதில் போட்டாய்.

ஆட்கள் மூச்சுத் திணறுவார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். "நல்ல முடிவுடா" என்று சொல்லிவிட்டுக் கடைவீதிக்குப் போயிருப்பேன். தெருவில் ஒருத்தரிடமும் மூச்சுவிட்டிருக்க மாட்டேன். என்னை உனக்கு அவ்வளவுகூடத் தெரியவில்லையே என்பதுதான் தாங்கவில்லை. கடை போனதற்கு நான் அழவில்லை.

நிலையம் திறந்ததும் போய்ப் பார்ப்பேன். நீ கட்டியது, பார்க்காமல் இருக்க முடியாது. வீட்டுக்கு வா என்று எழுதத்தான் இன்னும் கை வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

அக்கா