விலை மாறாத ரின்

நயினை நாகபூசணி அம்மன் துணை

நெடுந்தீவு
2025 ஒக்ரோபர் 12, ஞாயிறு, காலை 6.40
நீர் போய் 1,215 நாள்

அன்புள்ள நிருஜாவுக்கு,

நான் நல்ல சுகம். உம்முடைய சுகத்தைத் தினமும் போனில் கேட்கிறபடியால் இங்கே கேட்டு இடத்தை வீணாக்கவில்லை. லீவில் வந்து நிற்கிற சசிகரன் வியாழக்கிழமை அங்கே டோகாவுக்குத் திரும்புகிறான், அவனிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். போனில் என்றால் நான் சத்தம் போடுவேன், நீர் “சரி, விடுங்கோ” என்று பேச்சை முடித்துவிடுவீர்.

செவ்வாய்க்கிழமை நீர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நீர் வேலை செய்கிற கிளினிக்கில் இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கினம், மாத முடிவுக்குள் வைக்கவேணும், “உங்கட நம்பர் என்ன சொல்லுது” என்றீர். நான் சிக்னல் இல்லை என்றேன். சிக்னல் இருந்தது.

நம்பரை முதலில் சொல்லிவிடுகிறேன். போன மாதப் பணவீக்கம் ஒன்றரை வீதம். டொலர் முன்னூற்றிரண்டு, முன்னூற்று மூன்றில் நிற்கிறது. நீர் வெளிக்கிட்ட அந்த யூன் மாதம் பணவீக்கம் ஐம்பது வீதத்துக்கு மேலே. குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று நான் உமக்குச் சொன்ன கணக்கு இதுதான்: பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கவேண்டும், டொலர் முன்னூறுக்குக் கீழே வரவேண்டும், இரண்டும் நடந்தால் நீர் அடுத்த பிளேன் ஏறலாம்.

இரண்டும் நடந்தது. போன வருடம் ஏப்ரலில், வருடப்பிறப்புக்கு முந்தின கிழமை. என்னிலும் பார்க்க முதல் கண்டுபிடித்தது நீர். போன் எடுத்து, “ரெண்டும் வந்திட்டுது, பெட்டியைக் கட்டட்டோ” என்று கேட்டீர். நான் பத்து நிமிடம் விளக்கம் சொன்னேன். பணவீக்கம் குறைந்தது என்றால் சாமான் விலை குறைந்தது என்று அர்த்தமில்லை, ஏறுகிற வேகம்தான் குறைந்திருக்கிறது, ஏறின விலை ஏறினபடியே நிற்கிறது என்றேன். நீர் எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றீர். அடுத்த மாதம், யூன் தொடக்கம் ஒன்றரை வருடத்துக்குக் கையெழுத்து வைத்தீர்.

விளக்கத்தில் பிழை இல்லை. பிழை வேறு இடத்தில்.

அதுக்குப் பிறகு கொழும்பு விலையை வைத்து எங்களுக்குக் கணக்குப் பார்க்க ஏலாது என்று நானே ஒரு விலைச் சுட்டெண் போட்டேன், உமக்குத் தெரியும். கடல் அடித்தால் படகு வராது, படகு வராவிட்டால் இங்கே மரக்கறி இல்லை. அதெல்லாம் கொழும்புக் கணக்கில் வராது. நீர் இருக்கும்போது வீட்டுக்கு வாங்கின இருபத்திரண்டு சாமான். பழைய பற்றுச்சீட்டுகளைப் பார்த்து, நீர் வெளிக்கிட்ட மாதத்து விலையை நூறு என்று வைத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் ஏழு மணிக்குச் சரவணமுத்து அண்ணையின் கடையில் போய் நின்று விலை எழுதுவேன். தூரத்தில் என்னைக் கண்டதும் அவர், “மத்திய வங்கி வருது, எல்லாரும் விலகி நில்லுங்கோ” என்று கத்துவார். திரும்ப நூறுக்கு வந்தால் உம்மைக் கூப்பிடலாம் என்பது என் திட்டம். இப்போது நூற்றிருபத்தேழு.

இருபத்திரண்டில் விலை மாறாதது ஒன்றே ஒன்று. இருபத்திரண்டாவது, தகர ரின்னில் வருகிற உம்முடைய மல்லிகைப் பவுடர். தொடக்கத்தில் இருநூற்றெண்பது ரூபா, இன்றைக்கும் இருநூற்றெண்பது. பக்கத்தில் ‘நிலையான விலை’ என்று குறித்து வைத்திருந்தேன். போன ஞாயிறு, இது மட்டும் ஏன் அண்ணை ஏறவில்லை என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. “விலை மாறாமல் இல்லைத் தம்பி, ரின் மாறேல்லை. அவ போனாப் பிறகு அந்தப் பவுடரை ஒருத்தரும் வாங்கிறேல்லை. நான் திரும்ப எடுப்பிக்கவுமில்லை. நீர் கிழமைக்குக் கிழமை வந்து விலை கேக்கிறீர், எடுத்தெறிய மனம் வரேல்லை” என்றார்.

ரின்னை வாங்கிப் பார்த்தேன். அடி துருப்பிடித்துக் கிடந்தது. காலாவதித் திகதி 2024 மார்ச்.

நிருஜா, விலை நூறுக்குத் திரும்பாது. நான் மின்நிலையத்தில் வேலை செய்கிறவன், வரைபடம் பார்க்கத் தெரியாதவன் இல்லை. போன வருடம் நீர் பெட்டியைக் கட்டட்டோ என்று கேட்டபோதும் எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்த விளக்கம் சொன்னேன். நீர் போறதுக்கு முந்தின கிழமை எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. குசினியில் ஈரப் பனைமட்டையை எரித்துக்கொண்டு நீர் இருமின இருமல் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் மூன்று நாள் வரிசையில் நின்று வெறுங்கலனோடு வந்தனான். நீர் தேத்தண்ணி ஊற்றித் தந்தீர். திரும்ப ஒருக்கால் அப்படி வந்து உமக்கு முன்னால் நிற்க எனக்குப் பயம். அந்தப் பயத்துக்குத்தான் இத்தனை நம்பரும்.

ஆனபடியால் கேள்விக்குப் பதில். என் சம்பளத்தில் இரண்டு பேர் இருந்தால் மாதம் எட்டாயிரம் ரூபா போதாமல் இடிக்கும். நம்பர் கையெழுத்து வையும் என்று சொல்லுது. நான் வைக்கவேண்டாம் என்று சொல்லுறன்.

அங்கேயே நிற்க உமக்கு விருப்பம் என்றால் அதைச் சொல்லும், நான் கேட்கிறேன். என் கணக்குக்காக மட்டும் நிற்கவேண்டாம். இருமல் வந்தால் ஏசியைக் குறைத்துப் படும். அம்மன் உம்மைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

இனி நான் செய்யப்போவது:

1. மணி ஏழாகிறது. இன்றைக்கு விலை எழுதப் போகமாட்டேன்.
2. எரிவாயுச் சிலிண்டர் இரண்டு எடுத்து, ஒன்றை எப்போதும் நிரப்பியே வைத்திருப்பேன். குசினிக்குப் புகைபோக்கியும் கட்டுவேன், நம்பரை நம்பாமல்.
3. சனிக்கிழமைகளில் வேலணைப் பக்கம் சோலர் திருத்த வேலை எடுப்பேன். எட்டாயிரத்தில் பாதி அதில் வரும். மீதிப் பாதிக்கு இன்னும் வழி தெரியாது.
4. சரவணமுத்து அண்ணையிடம் புது ரின் எடுப்பிக்கச் சொல்லுவேன். என்ன விலை என்று கேட்கமாட்டேன்.
5. மார்கழியில் உம்முடைய தவணை முடிந்த நாள் தொடக்கம், வேலை இல்லாத நாளெல்லாம் முதல் படகில் குறிகட்டுவானுக்குப் போய் யாழ்ப்பாண பஸ் வருகிற இடத்தில் நிற்பேன்.
6. நீர் இறங்குகிற மாதத்தை நூறு என்று போடுவேன்.

ஜதுர்சன்