கேள்வியின் நடுவே நான் நிறுத்திய ஒலிபெருக்கி

அனுப்புநர்:
ஒலிபெருக்கி இயக்குபவர்,
பெரிய அரங்கம், மேடையின் இடப்புற மூலை மேசை.

பெறுநர்:
துணைவேந்தர் அவர்கள்,
பல்கலைக்கழகத் தலைமை அலுவலகம்.

பொருள்: வியாழக்கிழமைச் சொற்பொழிவில் கேள்வி கேட்ட துப்புரவுப் பணியாளரை வேலையிலிருந்து நிறுத்தியதும், அதில் என் பங்கும் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. உலகச் சமுதாயம், மதம், பண்பாடு, அரசியல் என்று பதினாறு ஆண்டுகளாக இந்த அரங்கில் நடந்த சொற்பொழிவுகள் அனைத்தையும் முழுதாகக் கேட்டவன் நான் ஒருவனே. பேராசிரியர்கள் பாதியில் எழுந்து போகலாம். எனக்கு அந்த வசதி இல்லை. இவ்வளவு கேட்டும் புத்தி வரவில்லை என்பதற்கு இம்மனுவே சாட்சி.

2. நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளருக்கும் எனக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. கேள்வி நேரத்தில் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால், கேட்பவரின் குரல் ஒலிபெருக்கிக்குப் போகாமல் நான் நிறுத்திவிட வேண்டும். உடனே அவர் நேரமில்லை என்று அறிவிப்பார்.

3. சென்ற வியாழனன்று, மதங்களைக் கடந்த மனிதனைப் பற்றிய பேச்சு முடிந்ததும், அரங்கைப் பெருக்கும் அக்கா எழுந்து மைக்கை வாங்கினார். "ஐயா, பள்ளிக்கூட விண்ணப்பத்துல மதம்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. என் தங்கச்சி மகளுக்கு அதுல என்ன எழுதுறது? நாங்க ஒண்ணு சொல்றோம், அவ அப்பா வீட்டுல வேற சொல்றாங்க. காலியா விட்டா வாங்க மாட்டேங்கறாங்க" என்றார். அரங்கம் சிரித்தது. கண்ணாடி கழன்றது. நிறுத்தினேன்.

4. மறுநாளே, நிகழ்ச்சிக்கு இடையூறு செய்ததாக அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஒருங்கிணைப்பாளரோ, வியர்வையைத் துடைக்கவே கண்ணாடியைக் கழற்றியதாகச் சொல்கிறார். உண்மையாகவும் இருக்கலாம், அரங்கின் ஏ.சி. பழுது குறித்து நான் தந்த ஏழு மனுக்கள் தங்கள் அலுவலகத்தில்தான் உறங்குகின்றன. எப்படியாயினும், பொத்தானில் இருந்தது என் விரல்.

5. ஒலிபெருக்கிதான் நின்றது, பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. சிரிப்புக்கு அடியில் மிச்சமும் பதிவாகியிருக்கிறது: "அவளப் பெத்தவங்க இருந்தா அவங்களையே கேட்டிருப்பேனுங்க." அந்தக் கட்டம் நிரம்பாததால் அந்தக் குழந்தை மூன்று வாரமாகப் பள்ளிக்குப் போகவில்லை. இப்போது அதன் பெரியம்மாவுக்கு வேலையும் இல்லை.

6. ஆகவே, அக்காவை மீண்டும் பணியில் அமர்த்தவும், வரும் வியாழனன்று பேச்சு தொடங்குமுன் அப்பதிவை முழுதாக ஒலிக்கவிட்டு, பதில் சொல்லத் தெரிந்த ஒருவரை மேடையேற்றவும் ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். யார் மீதாவது நடவடிக்கை எடுத்தே தீரவேண்டுமெனில் என் மீது எடுக்கலாம். இனி எவர் கண்ணாடியைக் கழற்றினாலும் என் கை அசையாது என்பதையும் முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்: மூலை மேசை
நாள்: சொற்பொழிவு முடிந்த நான்காம் நாள், திங்கள்

இப்படிக்கு,
(கையொப்பம்)
ஒலிபெருக்கி இயக்குபவர்

இணைப்பு: ஒலிப்பதிவு, நாற்பத்தொரு நொடி. அதில் எல்லோருக்கும் முந்திக் கேட்கும் சிரிப்பு என்னுடையது.