தலைகீழாய் விழுந்த கடல்

1986 நவம்பர், வியாழன் இரவு

ஓவியர்களை ஆதரிக்கும் பணக்காரர்கள் முன்னால் இன்று குமரன் பேசினான். யாழ்ப்பாணப் பள்ளியில் இருவரும் ஒரே வாங்கில் இருந்து வரையப் பழகினோம். நாடு விட்டு வந்த இங்கே அவன் ஓவியன். நான் அவன் படங்களைத் திரையில் காட்ட சிலைட் போடுபவன்.

அவன் வரைந்த கடலின் சிலைடைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன். கை தவறியது என்றே வைத்துக்கொள்கிறேன். திணறப் போகிறான் என்று காத்திருந்தேன். முன்வரிசைச் சீமாட்டி ஒருத்தி "அற்புதம்!" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அவசரமாகத் திருப்பப் போனேன்.

"விடு மச்சான், உது அப்பிடியே நிக்கட்டும்," என்று குமரன் சிரித்தான்.

வீடு திரும்பிய மல்வேர்ன் பஸ்ஸிலும் அந்தச் சிரிப்பு கூடவே வந்தது. வீட்டில் நான் வரைந்த படமொன்றைத் தலைகீழாகச் சாத்திவைத்து, தள்ளி நின்று பார்த்தேன்.

அது வெறுமனே தலைகீழாக இருந்தது.